பூ வாசத்தைப் பிடிப்பது எப்படி: மல்லி, பிச்சி, பன்னீர் ரோஜா, தாழம்பூவின் வேதியியலும் வீட்டுச் செய்முறையும்

பிச்சிப்பூவை மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் அதே ஃபிரிட்ஜில் இருந்த பாலில் காப்பி போட்டுப் பாருங்கள். காப்பி பிச்சியாக மணக்கும். திருநெல்வேலிப் பக்கம் இதற்காக ஒரு சண்டையாவது நடக்காத வீடு குறைவு. ஆனால் பூ வாசத்தின் வேதியியலில் பாதி அந்தக் காப்பிக்குள்ளேயே இருக்கிறது. வாசம் என்பது காற்றில் பறக்கும் பொருள். பாலில் உள்ள கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம், செடியிலிருந்து பறித்த பிறகும் பூ அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. எள்ளுக்குள் எண்ணெய் இருப்பதுபோல மல்லிக்குள் வாசம் தயாராக இருக்கிறது என்று நம்பி, பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். வருவது வெந்த கீரை வாசம். மல்லிக்குள் அப்படிச் சேமிப்பு ஏதும் பெரிதாகக் கிடையாது. அது மணி நேரக் கணக்கில் வாசத்தைச் செய்து, செய்தவுடன் காற்றில் விட்டுவிடுகிறது. காய்ச்சினால் அந்தத் தொழிற்சாலையே செத்துப்போகிறது. ஆகவே பூ வாசம் எடுக்க நினைப்பவர் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் படி: பூவின் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு மூடி போட்ட சில்வர் டம்ளர் நாலு போதும். காலையில் வாங்கிய மல்லி மொட்டில் பத்தைப் பத்தாக எண்ணி, ஈரமில்லாமல் ஒவ்வொரு டம்ளரிலும் போட்டுத் திறந்தே வையுங்கள். முதல் டம்ளரை நண்பகலில் கால் மணி நேரம் மூடி, திறந்த உடனே முகருங்கள். அடுத்ததை விளக்கு வைக்கும் நேரத்தில், அதற்கடுத்ததை இரவு பத்து மணிக்கு, கடைசியை மறுநாள் விடிந்ததும். முகர்ந்ததை உடனே எழுதி வைத்துவிட வேண்டும். மூக்கு சீக்கிரம் பழகிப்போகும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நடுவில் உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துகொண்டால் மூக்கு கொஞ்சம் தெளியும்.

நண்பகல் டம்ளரில் பச்சை வாசம் மட்டும் இருக்கும். மாலையில் மொட்டு வாய் திறக்கும்போது மணம் கிளம்பி, இரவில் உச்சத்துக்குப் போகும். விடிந்ததும் இனிப்பு குறைந்து, கொஞ்சம் கனத்த வாசம் மிஞ்சியிருக்கும்.

காரணம் இதுதான். மொட்டுக்குள் லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்ற மணப் பொருள்களில் ஒரு பகுதி சர்க்கரை மூலக்கூறோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. சர்க்கரை ஒட்டிய மூலக்கூறு பறக்காது. பறக்காததை மூக்கு அறியாது. பூ விரியும்போது நொதிகள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. அதே நேரத்தில் இதழ்களின் செல்கள் புதிதாகவும் வாசம் தயாரிக்கின்றன. இரவில் இந்த வேலை நடப்பதற்கும் கணக்கு இருக்கிறது. வெள்ளை நிறம், இருட்டில் விரிதல், தூரத்துக்கு எட்டும் வாசம் ஆகிய மூன்றும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. மல்லி, பிச்சி, முல்லை எல்லாமே இந்தக் கூட்டம்.

பன்னீர் ரோஜாவுக்கு இது நேர் எதிர். அதன் வாசம் விடியற்காலையில் நிறைந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பறந்துவிடும். மனோரஞ்சிதத்துக்கு மணிக்கணக்கே கிடையாது. பச்சையாக இருக்கும்வரை மணக்காது, மஞ்சளாக மாறியதும் பழுத்த பழம்போல மணக்கும். பழ வாசம் தரும் எஸ்டர்கள்தான் அதற்கும் காரணம். கனகாம்பரத்துக்கு டம்ளரை வீணாக்க வேண்டாம்.

இரண்டாம் படி: கையில் இருப்பது எந்த வகை வாசம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்கள் மிரட்டும், ஆனால் இந்தப் பகுதியைத் தாண்டினால்தான் எந்தப் பூவைத் தண்ணீரில் வடிக்கலாம், எதை எண்ணெயில் ஏற்றலாம் என்பது புரியும்.

பூ வாசங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவாகின்றன. ஒன்று டெர்பீன்கள், அதாவது ஐந்து கார்பன் துண்டுகளை அடுக்கிச் செடி கட்டும் பொருள்கள்: லினலூல், ரோஜாவின் ஜெரானியால், மல்லியின் ஃபார்னசீன். இரண்டாவது, ஃபினைல் அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருபவை: பென்சைல் அசிடேட், மெத்தில் பென்சோயேட், ரோஜாவின் ஃபினைல் எத்தில் ஆல்கஹால். மூன்றாவது, கொழுப்பு அமிலம் உடைந்து உண்டாவது: பிச்சிக்கே உரிய ஜாஸ்மோன், மெத்தில் ஜாஸ்மோனேட், ஜாஸ்மின் லாக்டோன். இவை போக, நைட்ரஜன் உள்ள இரண்டு முக்கியமான பொருள்கள் இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும். கரோட்டின் வகை நிறமிகள் உடைந்து வரும் அயனோன்களும் உண்டு, செண்பகத்தில் அவற்றை முகரலாம்.

இண்டோலைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையும் கழிவறையும் சேர்ந்த வாசம். பிச்சியிலும் மல்லியிலும் சிறு அளவில் இருக்கும்போது அதுவே பூவுக்கு உயிர் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் சோப்பு வாசம்தான். ராத்திரி முழுக்கத் தலையில் இருந்த பிச்சிச் சரம் காலையில் ஒரு மாதிரி கனத்து மணப்பது, லேசான மணப் பொருள்கள் முதலில் பறந்துபோய் மெதுவாகப் பறக்கும் இண்டோல் பின்தங்கி நிற்பதால்தான்.

அளவையும் வாசத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லினலூலை மூக்கு உணர, தண்ணீரில் 100 கோடியில் 6 பங்கு வேண்டும். பீட்டா அயனோனுக்கு 1 லட்சம் கோடியில் 7 பங்கே போதும். அந்த அயனோனையும் மரபணு வேறுபாட்டால் சிலரால் சரியாக முகர முடியாது. செண்பகம் அவ்வளவாக மணக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் வாதாட வேண்டாம், அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

மல்லிக்கும் பிச்சிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே பிடிபடும். மல்லியில் லினலூல், ஃபார்னசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட் ஓங்கியிருப்பதால் பச்சையும் குளிர்ச்சியுமாக மணக்கும். பிச்சியில் பென்சைல் அசிடேட், பென்சைல் பென்சோயேட், ஜாஸ்மோன், லாக்டோன் எல்லாம் சேர்ந்து பழமும் வெண்ணெயுமான கனத்த மணம் வரும். தேங்காய் எண்ணெயின் சொந்த வாசமும் லாக்டோன்களால் வருவதுதான். எண்ணெய் தேய்த்த தலைக்குப் பிச்சி அவ்வளவு பொருந்துவதற்கு இந்த உறவு ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

மூன்றாம் படி: பூ வாங்குவது

சொந்தச் செடி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. மல்லிக்கு மொட்டுப்புழுத் தொல்லை அதிகம், வயலில் மருந்து அடிப்பது வழக்கம். கழுவினாலும் முழுக்கப் போகாது. தலையில் வைக்கிற பூவுக்கு அது ஒரு அளவோடு நிற்கும். அதே பூவைத் திரும்பத் திரும்ப எண்ணெயில் ஏற்றினால், கொழுப்பில் கரையும் மருந்தும் சேர்ந்தே ஏறும். உடம்பில் பூசப்போகும் எண்ணெய்க்கு வீட்டுப் பூ, அல்லது மருந்து அடிக்காதவர் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விவசாயியின் பூ.

சந்தையில்தான் வாங்க வேண்டும் என்றால், சங்கரன்கோவிலோ தோவாளையோ, காலையிலேயே போய்விடுங்கள். முகூர்த்த நாளைத் தவிருங்கள், விலை உங்களுக்குக் கட்டாது. பங்குனி முதல் வைகாசி வரை மல்லி வரத்து நன்றாக இருக்கும். மார்கழிக் குளிரில் பூவும் குறையும், விலையும் ஏறும், குளிரில் வாசம் கிளம்புவதும் மந்தமாக இருக்கும். கடையில், “அண்ணாச்சி, இது இன்னைக்குப் பறிச்சதா, நேத்து மிஞ்சினதா?” என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் காம்பைப் பாருங்கள். பச்சையாக, விறைப்பாக இருந்தால் இன்றைய மொட்டு. காம்பு பழுப்பேறி, மொட்டு தொய்ந்திருந்தால் வேண்டாம். கட்டிய சரம் வாங்காதீர்கள், உதிரிதான் வேண்டும். ஈரச் சாக்கில் கிடந்த பூவாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் உலர விடுங்கள். ஃபேன் போட்டால் வாசம் போய்விடாதா என்று தோன்றும். போகாது, பகலில் மொட்டிலிருந்து பறக்க அதிகம் எதுவுமே இல்லையே.

ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் நொதிகள் சோம்பிவிடும்.

ஓசூரிலிருந்து வரும் நீளத்தண்டு ரோஜாவை இதற்கு எடுக்கவே வேண்டாம். ஜாடியில் பல நாள் நிற்பதற்கும் பார்வைக்கும் தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகள் அவை, வாசம் அந்தத் தேர்வில் கழன்றுபோனது. கொட்டிக் குவிக்கும் பன்னீர் ரோஜாதான் நமக்கு வேண்டியது.

நான்காம் படி: மல்லி, பிச்சியை எண்ணெயில் ஏற்றுவது

பறித்த பின்னும் வாசம் செய்யும் பூக்களுக்கு, பூவைக் கொல்லாமல் பக்கத்தில் கொழுப்பை வைத்துக் காத்திருப்பதே சரியான வழி. பிரான்சில் வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன கிராஸ் நகரத்தில் கண்ணாடித் தட்டில் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் பூசி, அதன்மேல் பூவை அடுக்கி இதைத்தான் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பர்ட் ஹெஸ்ஸெ என்ற ஜெர்மன் வேதியியலாளர், கொழுப்பின் மேல் கிடக்கும் பிச்சி, ஒரேயடியாகக் கரைப்பானில் போட்டு எடுப்பதைவிட மிக அதிக வாசம் தருகிறது என்று காட்டினார். பூ அங்கே கிடந்தபடியே உழைக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

நம் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் தட்டில் உறையாது, அது சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே துணி முறை. வாசமில்லாத சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் எடுங்கள். செக்குத் தேங்காய் எண்ணெய் சாப்பாட்டுக்கு அருமையானது, இங்கே பூவை அமுக்கிவிடும். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துண்டைச் சோப்பு வாசம் போக வெந்நீரில் அலசி, நன்றாகக் காய வைத்து, எண்ணெயில் நனைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரு தாம்பாளத்தில் விரியுங்கள். வெயில் தாழ்ந்ததும், மொட்டு வாய் திறக்கப் போகும் நேரத்தில், காம்பைக் கிள்ளிவிட்டு மொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இன்னொரு தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடி, ஓரத்தில் துணி சுற்றுங்கள். முழுக்கக் காற்றடைக்க வேண்டாம். பூ மூச்சு விடுகிறது, வியர்க்கவும் செய்யும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பூவை எடுப்பது. மூடியின் உள்பக்கம் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிடுங்கள். பழுப்பேறிய ஒரு பூ துணியில் தங்கினாலும் அன்று பகலில் அது புளித்து வாசம் கெடுக்கும், ஒன்றொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். அன்று மாலை மறுபடி புது மொட்டு. இப்படி ஏழெட்டு இரவு போனால், துணியை முகரும்போது எண்ணெய் வாசம் பின்னால் போய்ப் பூ முன்னால் நிற்கும். அப்போது பிழிந்து, ஒரு நாள் தெளிய வைத்து, அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைவிட எள்ளில் ஏற்றுவது இன்னும் நல்லது, ஆனால் வேலை கூடுதல். இது வட இந்தியாவில் சமேலி (நம் பிச்சி) எண்ணெய்க்குப் பழகிய பழைய முறை. எள்ளும் மரச்செக்கும் இருக்கிற நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளைக் காய வைத்து, ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு அடுக்கு மொட்டு, அதன்மேல் மறுபடி எள் என்று மாலையில் அடுக்குங்கள். காலையில் சல்லடையில் சலித்தால் பூ தனியாக வந்துவிடும். துணியில் பொறுக்குவதைவிட இது எவ்வளவோ சுலபம். பல நாள் பூ மாற்றிய பிறகு எள்ளை நிழலில் உலர்த்திச் செக்கில் ஆட்ட வேண்டும். இரண்டு மூன்று கிலோவைச் செக்குக்காரர் ஆட்டித் தரமாட்டார், தெருவில் நாலைந்து வீடு சேர்ந்தால்தான் நடக்கும். கருப்பட்டி போடாமல் ஆட்டச் சொல்லுங்கள். எண்ணெய் சரியாகப் பிரியாது என்று முகம் சுளிப்பார், அதில் உண்மையும் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் குறைந்தாலும் பரவாயில்லை, கருப்பட்டி வாசம் ஏறினால் மல்லி தோற்றுவிடும். நல்லெண்ணெயில் சீசமால் என்ற இயற்கைப் பாதுகாப்புப் பொருள் இருப்பதால் சீக்கிரம் காறாது.

சம்பங்கிக்கும் இதே முறைதான். அதுவும் பறித்த பின் மணக்கும் பூ.

ஐந்தாம் படி: பன்னீர் ரோஜா, தாழம்பூவை வடிப்பது

மல்லிக்கு ஆகாத அடுப்பு ரோஜாவுக்கு ஆகும். ரோஜாவின் முக்கிய மணப் பொருளான ஃபினைல் எத்தில் ஆல்கஹால், 100 மில்லி தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையக்கூடியது. மணப் பொருள்களில் இது பெரிய அளவு. அதனால்தான் பன்னீர் என்ற ஒன்று இருக்கவே முடிகிறது. வடித்த ரோஜா எண்ணெயில் அந்தப் பொருள் குறைந்து, தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

அகலமான சருவச்சட்டியின் நடுவில் சுத்தமான கல்லோ சிறு முக்காலியோ வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணம். சுற்றிலும் கால் கிலோ இதழுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குமிழ் உள்ள மூடியைக் கவிழ்த்து மூடுங்கள், குமிழ் கிண்ணத்துக்கு நேராக இருக்கட்டும். மூடியின் மேல் பனிக்கட்டி. தீ சிம்மில். நீராவி மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். பனிக்கட்டி உருகிய தண்ணீரை ஒரு கரண்டியால் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் லிட்டர் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதில் வேகவைத்த இதழ் வாசம் கலக்கும். இதழ்கள் சூரியன் ஏறும்முன் பறித்தவையாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

வெறுமனே கொதிக்க வைத்து இறுத்த சிவப்புத் தண்ணீர் பன்னீர் ஆகாது. பன்னீர் நிறமற்றது, நிறமிகள் ஆவியோடு மேலே ஏறாது. கடையில் ரோஸ் நிறத்தில் விற்றால் சாயம் போட்டது என்று அர்த்தம்.

தாழம்பூவும் இதே சட்டிக்குள் வரும். அதன் வாசத்தில் பெரும்பகுதி ஃபினைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற ஒரே பொருள்தான், ஆவியோடு சுலபமாகக் கிளம்பும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் கேவ்டா என்ற பெயரில் இதை ஒரு தொழிலாகவே வடிக்கிறார்கள். ஆண் பூதான் மணக்கும், அந்த மஞ்சள் மடலைத்தான் நறுக்கிப் போட வேண்டும். மடலின் ஓரத்து முள் கையைக் கிழிக்கும், கவனம். சிவன் கோவில்களில் பொதுவாகத் தாழம்பூ சாத்துவதில்லை என்பதால், அர்ச்சனைத் தட்டுக்கு இந்தத் தண்ணீரைத் தெளிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மகிழம்பூவுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். உதிர்ந்ததைப் பொறுக்கி நிழலில் உலர்த்தினாலே பல மாதம் மணக்கும். மருக்கொழுந்தும் அப்படித்தான், காய்ந்தாலும் வாசத்தை எளிதில் விடாது.

செய்யக் கூடாதது

ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு கலந்த ‘கான்கிரீட்’ எடுப்பார்கள். அதை எரிசாராயத்தில் அலசினால் கிடைப்பது ‘அப்சல்யூட்’. ஆயிரம் கிலோ பிச்சிக்குச் சுமார் 3 கிலோ கான்கிரீட் வரும், அதில் பாதிக்குச் சற்று மேல்தான் அப்சல்யூட். அப்சல்யூட்டின் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்பது இப்போது புரியும். வீட்டில் பெட்ரோல், தின்னர் என்று எதையாவது வைத்து இதைச் செய்துபார்க்க வேண்டாம். அந்த ஆவி அடுப்புத் தீயைத் தேடிப் போய்ப் பற்றும்.

சின்னக் குப்பியில் மலிவாக விற்கும் ‘மல்லி அத்தர்’ பெரும்பாலும் செயற்கைப் பென்சைல் அசிடேட்டும் அமைல் சின்னமால்டிஹைடும்தான். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். முதலில் வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த வாசம் தூக்கலாக வந்து, பறந்துபோனதும் தட்டையான இனிப்பு மட்டும் நிற்கும். அது விஷமில்லை, பூவும் இல்லை.

ஆறாம் படி: வைத்துக்கொள்வது

கருநிறக் கண்ணாடிக் குப்பி, கழுத்துவரை நிரப்பி, இருட்டில். காற்று பட்டால் லினலூல் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறும். பாதி காலியான குப்பியைச் சின்னக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். எண்ணெய் நாளாக ஆகப் பழுப்பேறினால் பயப்பட வேண்டாம். இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் காலப்போக்கில் நிறம் மாற்றுபவை. ஆனால் கலங்கலாகி, புளித்த வாசம் வந்தால் பூவின் ஈரம் உள்ளே போயிருக்கிறது. அதைத் தலைக்கு வைக்காமல் விளக்குக்கு ஊற்றிவிடலாம், எரியும்போது மல்லி வாசத்தை எதிர்பார்க்காதீர்கள். பன்னீரை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத தண்ணீர், பூஞ்சை வரும்.

எந்த எண்ணெயானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். சிவக்கவோ அரிக்கவோ செய்தால் உடம்பில் பூச வேண்டாம். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.